முங்கிப்போன ஜெனரேட்டரும் கசிஞ்ச நீலச் சிலிண்டரும்

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கெழம நைட் டூட்டி. தாமிரபரணி கரைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரில நர்ஸா இருந்தேன். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதே மழதான். கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஓடுச்சு, கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னுட்டு, டார்ச்ச எடுத்துக்கிட்டு எறங்கிப் பாத்தா கீழ முழங்கால் தண்ணி, ஜெனரேட்டர், கரண்ட் போர்டு, சிலிண்டர் ரூம் எல்லாத்தையும் தரைத்தளத்துலதான் வச்சிருந்தாவ. வென்டிலேட்டர் பேட்டரியும் தீந்துட்டு. ஒரு தாத்தாவுக்கு விடிய விடிய நானும் அவரு மகனும் மாறி மாறி ஆம்பு பேக்க, அதான் கையால அமுக்கி மூச்சு குடுக்குற பைய, அமுக்குனோம், வெரலு மரத்துப்போச்சு, ஆனா நிறுத்த முடியுமா? தாத்தா பொழச்சுட்டாரு. தடுப்பூசி ஃப்ரிட்ஜ காலைல வரைக்கும் யாரையும் தெறக்க விடல, அதுக்குள்ள 2லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும்லா.

இப்ப ஜெனரேட்டர் ஒசந்த மேடைல நிக்கி, மொட்டமாடில சோலார், ஐசியூவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தனி பேட்டரி. பகல்ல கரண்ட் போனா முந்தி மாதிரி டீசல் ஊத்த வேண்டியதில்ல. வெள்ளத்துக்குன்னு செஞ்சது பொகையயும் கொறச்சிட்டு.

— — —

அக்கா, படிக்கும்போதே கை நடுங்குது. நான் பாளையங்கோட்டைல ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன். எங்கிட்ட இருக்கது வேற கத. மயக்கத்துக்குக் குடுக்க நைட்ரஸ் ஆக்ஸைடு, அந்த நீலச் சிலிண்டர், எங்க டாக்டர் இப்ப பயன்படுத்துறதே அபூர்வம், ஆனா சிலிண்டர் மட்டும் மாசாமாசம் காலியாகிட்டே இருந்துச்சு. கேஸ் எங்கதான் போவுதுன்னு ஒரு நாள் சோப்புத் தண்ணியத் தொட்டு பைப்லைன்ல ஒவ்வொரு ஜாயின்ட்டாத் தடவுனேன், மூணு எடத்துல முட்ட முட்டயா வந்துச்சு. அந்த வாயு கரியமில வாயுவ விட ஏறக்கொறைய 270 மடங்கு சூட்டப் புடிச்சு வைக்கும், நூறு வருசத்துக்கு மேல காத்துல கெடக்கும். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல கணக்கெடுத்தப்பவும் பெரும்பகுதி நோயாளிகிட்டயே போகாம பைப்லயே கசிஞ்சிருக்கு. நாங்க பைப்லைன மூடிட்டோம், தேவப்பட்டா மெஷின்லயே சின்ன சிலிண்டர மாட்டிக்கிடுதோம். டெஸ்ஃப்ளூரேன்னு இன்னொரு மயக்க மருந்து இன்னும் மோசம், 2,500 மடங்கு, ஸ்காட்லாந்துல 2023லயே நிறுத்திட்டாவ. பைசா செலவில்லாம நடந்த வேல இது, யாரும் பாக்காததுதான் கொற.

— — —

நான் கயத்தாறு, ஆஸ்துமா நோயாளி. பம்ப் இன்ஹேலர்ல மருந்தத் தள்ளுற வாயுவும் ஆயிரம் மடங்குக்கு மேல சூடு புடிக்கும்னு எங்க டாக்டரம்மாதான் சொன்னாவ. கேப்சூல் போட்டு இழுக்குற பொடி இன்ஹேலர்ல அந்த வாயுவே கெடையாது, அதுக்கு மாத்திட்டாவ, எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஆனா அத வேகமா இழுக்கணும், சின்னப் பிள்ளையளுக்கும் மூச்சுத் தெணறுற நேரத்துலயும் ஸ்பேசர், அதான் பம்ப்போட மாட்டுற குழாய், அத வச்சு பம்ப்தான் சரி, அதனால நீங்களா மாத்திக்கிடாதீய. எங்க ஆச்சிக்கு இன்னமும் பம்ப்தான்.