கான்கிரீட் போடும் முன் ரிங் கொக்கியைப் பாருங்கள்

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறோம். இருபது நாள் லீவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நம்மில் பலர் வீடியோ காலிலேயே வீடு கட்டிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

12 எம்எம் கம்பி வந்து இறங்கியதும் அப்பாவுக்குச் சந்தேகம். சரியாக ஒரு மீட்டர் வெட்டி, மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 888 கிராம் இருக்க வேண்டும். ஐந்தாறு சதவீதம் முன்பின் இருந்தால், கட்டுமானக் கம்பிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1786 ஒத்துக்கொள்ளும். எங்களுடையது 790! எண்ணிக்கைக் கணக்கில் வாங்கியதால் காசும் போச்சு, பில்லரின் பலமும் போச்சு. லோடைத் திருப்பி அனுப்பினோம். அடுத்த லோடில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே இருந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்த்த பிறகுதான் இறக்கச் சொன்னேன். சிமெண்ட், ஒயருக்கும் இதே வழிதான்.

அதைவிட என்னைப் பதற வைத்தது பில்லர் ரிங், அதாவது நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். முனையை எல்லாம் எல் மாதிரி 90 டிகிரியில் மடித்து விட்டிருந்தார்கள். "இத்தனை வருஷமா இப்படித்தாங்க கட்டுறோம்" என்றார் மேஸ்திரி. பூமி அதிர்ந்தால் மேல்பூச்சு கான்கிரீட் முதலில் உதிரும். அப்போது எல் கொக்கி விரிந்துவிடும், உள்ளே நிற்கும் கம்பிகள் பிதுங்கிவிடும். 135 டிகிரி மடித்தால் கொக்கி பில்லரின் நடுப்பகுதிக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். மடிப்புக்கு அப்புறம் குறைந்தது 65 எம்எம் நீளம் வேண்டும் என்கிறது நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான விதி ஐ.எஸ். 13920. நம்ம ஊருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். நிலநடுக்க மண்டலங்களைப் பிரிக்கும் ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் சேலம் மூன்றாம் நிலநடுக்க மண்டலம். அந்த மண்டலத்தில் கான்கிரீட் வீட்டுக்கு இது கட்டாயம்.

கம்பி கட்டும் தம்பிக்கு இரண்டு நாள் கூலி கூடக் கொடுத்து எல்லா ரிங்கையும் மாற்றினோம். கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் செருகியிருந்த ஜல்லித் துண்டுகளையும் எடுக்கச் சொன்னேன்.

அஸ்தம்பட்டியில் வீடு கட்டும் நம் துபாய்த் தம்பிக்கு: வியாழக்கிழமை பில்லர் கான்கிரீட் என்று எழுதியிருந்தாய். பலகை அடைப்பதற்கு முன்னால், ஒரு பில்லரின் மூலையை, ரிங் கொக்கி தெரிகிற மாதிரி கிட்டே வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லப்பா. இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன்.