கோல்டு ஃபிஷ் உடம்பில் கருப்பு: கொழிஞ்சாம்பாறைத் தெருக் குழு

செல்வி அக்கா: பாப்பாவின் கோல்டு ஃபிஷ் இரண்டில் ஒன்றுக்கு முதுகிலும் வால் ஓரத்திலும் கரி பூசினாற்போல் கருப்பு ஏறுகிறது. போன வாரம் இல்லை. யாருக்காவது தெரியுமா?

மணி அண்ணன்: மெத்திலீன் ப்ளூ ஊற்று தங்கச்சி. எல்லா நோய்க்கும் அதுதான்.

கார்த்தி: அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். அக்கா, இப்போதைக்கு எதையும் ஊற்ற வேண்டாம். லைட் போட்டுப் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். தனித்தனிப் புள்ளியா, படர்ந்த கருப்பா?

செல்வி அக்கா: [வீடியோ]

செல்வி அக்கா: படர்ந்துதான் இருக்கிறது. மேடு ஒன்றும் இல்லை. தீனி நன்றாகத் தின்கிறது.

கார்த்தி: அப்படியானால் புழுவாக இருக்காது. கரும்புள்ளி நோய் என்றால் குண்டூசித் தலை அளவில் தனித்தனியாகத் தெரியும். அந்தப் புழு பறவை, நத்தை, மீன் என்று மூன்று உடம்பு மாறித்தான் வாழும். குளத்து மீனுக்கு வரும். வீட்டுத் தொட்டிக்குள் ஒரு மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது. தொட்டி எப்போது வைத்தீர்கள்?

செல்வி அக்கா: ஓணம் லீவில் கோவை போனபோது வாங்கினோம். இன்னும் மாதம்கூட ஆகவில்லை.

கார்த்தி: அங்கேதான் எனக்குச் சந்தேகம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா தோலை அரிக்கும். அரித்த இடம் ஆறும்போது கருப்பு நிறச் செல்கள் அங்கே வந்து கூடும். அதனால் கருப்பு என்றால் பெரும்பாலும் புண் ஆறுகிறது என்று அர்த்தம். ஆனாலும் தண்ணீர் சரியாகிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

மணி அண்ணன்: சரி, மெத்திலீன் ப்ளூ ஊற்றினால் என்ன கெடுதல்?

கார்த்தி: அந்த நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும் அண்ணா. அம்மோனியா இன்னும் ஏறும்.

செல்வி அக்கா: நாங்கள் போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

கார்த்தி: அதன் பி.எச்-சையும், அதாவது அமில-காரத் தன்மை அளவையும், பார்க்கணும் அக்கா. 25 டிகிரி சூட்டில் பி.எச் 7 என்றால் அம்மோனியாவில் 1 சதவீதம்கூட விஷ வடிவில் இருக்காது. 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். என்னிடம் டெஸ்ட் கிட் இருக்கிறது, தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். சொட்டு விட்டதும் மஞ்சளாகவே நின்றால் கவலை இல்லை. பச்சை ஏறினால் அம்மோனியா.

செல்வி அக்கா: [படம்]

செல்வி அக்கா: வெளிர் பச்சை வருகிறது.

கார்த்தி: கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், நாளைக்கும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கிறது. அழுக்கானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, செவுள் சிவந்தாலோ உடனே பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு எனக்கு போன் போடுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை.

செல்வி அக்கா: கருப்பு போய்விடுமா என்று பாப்பா கேட்கிறாள்.

கார்த்தி: தண்ணீர் சரியானால் சில வாரத்தில் மங்கும். ஒன்றிரண்டு திட்டு நின்றாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. இன்றைக்கு மட்டும் தீனி போட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள் அக்கா.