ஆர்ச்சிபால்ட் லீச் கட்டிய கேலரிகளில் நாங்கள் கண்டது

லண்டனில் ஃபுல்ஹாம் கால்பந்து அணியின் கிரேவன் காட்டேஜ் மைதானத்துக்குப் போகிறவர்கள் தேம்ஸ் நதியைத்தான் படம் பிடிப்பார்கள். எனக்குப் பிடித்தது எதிர்ப்பக்கம், ஸ்டீவனேஜ் சாலையில் நிற்கும் செங்கல் முகப்பு. 1905-இல் ஆர்ச்சிபால்ட் லீச் வடிவமைத்த கேலரி அது. பழைய மர இருக்கைகளை இன்னும் வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து ஓர் ஆட்டம் பார்த்தேன். பந்தைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தாய் என்று கூட வந்தவர் கேலி செய்தார்.

லீச் முதலில் தொழிற்சாலைகள் கட்டியவர். இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் வேலை செய்திருக்கிறார். அந்தப் பழக்கம் கேலரியிலும் தெரிகிறது: நேரான இரும்புத் தூண், சரிந்த கூரை, மேலே இருக்கை, கீழே அந்தக் காலத்தில் நின்று பார்க்க இடம். அலங்காரம் என்றால் கூரை நடுவே ஒரு முக்கோண முகடு, அவ்வளவுதான். அவரைக் கலைஞர் என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்குத் தெரிந்த பொறியாளர். சிக்கனம் பார்த்த கிளப்புகளுக்கு அப்படிப்பட்டவர்தான் தேவைப்பட்டார்.

*

மேலே எழுதியவரே, லீச்சைக் கணக்குத் தெரிந்தவர் என்கிறீர்கள். 1902-ஐ விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியுமா?

நான் கிளாஸ்கோவில் வேலை பார்த்தபோது ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஐப்ராக்ஸ் மைதானம் போகும் வழியில்தான் இருந்தது. 1902 ஏப்ரல் 5 அன்று அங்கே ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடின. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடித்த உயரமான படிமேடை ஆட்டத்தின்போதே உடைந்து, 25 பேர் இறந்தார்கள். மேடையை வடிவமைத்த லீச்சும் அன்று மைதானத்தில் இருந்தார். மரம் கொடுத்த ஒப்பந்தக்காரர் மீது வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். லீச்சின் தொழில் அதோடு முடிந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரேஞ்சர்ஸ் கிளப் அவரையே மறுபடியும் வேலைக்கு வைத்துக்கொண்டது! பலகை மேடை போய், மண் கொட்டி உயர்த்திய திட்டின் மேல் படிகள் வந்தன. கூட்டம் ஒரேயடியாகச் சரிந்துவிடாமலிருக்க இரும்புத் தடுப்புகளை உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார். அதே மைதானத்தில் 1929 புத்தாண்டு நாளில் திறக்கப்பட்ட அவருடைய செங்கல் கேலரி இன்றும் நிற்கிறது. எல்லோரும் அதன் அழகைச் சொல்வார்கள். எனக்கு அதன் முன் நின்றபோது படிக்கட்டு எவ்வளவு அகலம், வெளியேற எத்தனை வழி என்பதில்தான் கவனம் போனது.

*

கலைஞர் இல்லை என்று முதலில் எழுதியவர் லிவர்பூலில் எவர்ட்டன் கிளப்பின் கூடிசன் பார்க் மைதானத்தைப் பார்த்திருக்க மாட்டார். புல்லன்ஸ் ரோடு பக்கம், மேல்தளத்தின் முகப்பு நெடுகிலும் பெருக்கல் குறிகளை வரிசையாக எழுதிவைத்தது போல இரும்புச் சட்டம் ஓடும். வெறும் பொறியாளருக்கு அந்த வரிசையின் மேல் அத்தனை ஆசை ஏன்? எவர்ட்டன் ஆண்கள் அணி 2025-இல் புது மைதானத்துக்குப் போய்விட்டது. பெண்கள் அணி கூடிசன் பார்க்கில் ஆடுவதில் எனக்கு மகிழ்ச்சி.

பர்மிங்ஹாமில் ஆஸ்டன் வில்லா கிளப்பின் ட்ரினிட்டி ரோடு கேலரிதான் லீச் கட்டியவற்றிலேயே ஆடம்பரமானது என்பார்கள். 2000-இல் இடித்துவிட்டார்கள். அதற்குமுன் உள்ளே போனவர்கள் யாராவது இருந்தால் அந்த வாசல் படிக்கட்டைப் பற்றி எழுதுங்கள்.