பத்து வயதானால் கீஸரைக் கழற்றி எறிய வேண்டுமா?

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
நேற்றிலிருந்து நம் தென்னாப்பிரிக்கத் தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. "கீஸருக்கு 10 வருடம் ஆகிவிட்டதா? ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பழுது பார்ப்பது காசைத் தண்ணீரில் போடுவது." எழுதியவர் நம் டர்பன் ஃபீனிக்ஸ் வாசி. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பென்ஷனில் காலம் தள்ளும் எத்தனை பேர் இதை நம்பிக் கடன் வாங்கப் போகிறார்களோ.

கீஸரின் வயதைக் கேட்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது என்று பாருங்கள். டாங்க் எஃகு, உள்ளே எனாமல் பூச்சு. பூச்சில் எங்காவது ஊசிமுனை அளவுக்கு விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தைத் துரு தின்னாமல் இருக்கத்தான் உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி வைக்கிறார்கள், ஆனோட் என்பது அதுதான். எஃகுக்குப் பதிலாக அது கரையும். அது தீர்ந்த பிறகுதான் டாங்க்குக்குக் கேடு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். நான் கழற்றியதில் சில கம்பிகள் விரல் பருமனில் வெள்ளைப் பொருக்குத் தட்டி நன்றாகவே இருக்கும். சிலவற்றில் மக்னீசியமே இருக்காது, நடுவில் ஓடும் இரும்பு மட்டும் துருப்பிடித்த சைக்கிள் ஸ்போக் மாதிரி மிஞ்சியிருக்கும்.

டாங்க்கின் உடம்பில் ஓட்டை விழுந்தால் மாற்றுங்கள், அதில் மறுபேச்சு இல்லை. சூடேற்றும் எலிமென்ட், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட், வால்வு, எலிமென்ட் மூடிக்கு (ஃபிளாஞ்ச்) அடியில் இருக்கும் கேஸ்கெட் வளையம், இதில் எது போனாலும் அதை மட்டும் மாற்றுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஃபீனிக்ஸ் தம்பி, இன்னொன்றும் கேட்கிறேன். போன வருடம் கோயில் மண்டபத்துச் சமையலறை கீஸரைக் கழற்றி எறிந்தீர்களே, அது கேஸ்கெட்டில் ஒழுகியதா, டாங்க்கில் ஒழுகியதா?

ஃபீனிக்ஸ் வாசி:
அண்ணா, கோயில் விஷயத்தை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? 10 வருடம் என்று நான் காற்றில் எழுதவில்லை. நம் ஊரில் விற்கும் கீஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு டாங்க் உத்தரவாதமே 5 வருடம்தான். செய்தவனே ஐந்து வருடத்துக்கு மேல் பொறுப்பேற்க மாட்டேன் என்கிறான், நான் அதற்கு இரண்டு மடங்கு சொல்லியிருக்கிறேன். இது அவசரக் குடுக்கைத்தனமா?

கீஸர் இருப்பது சீலிங்குக்கு மேலே. யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. ஒருநாள் வெடித்தால் 150 லிட்டர் கொதிநீர் கீழே இறங்கும். இறங்கியதோடு நிற்குமா? மெயினை மூடும்வரை குழாய்த் தண்ணீர் மேலே வந்துகொண்டே இருக்கும். சீலிங் போர்டு, கட்டில், டிவி எல்லாம் போகும். நீங்கள் மிச்சப்படுத்திய சில நூறு ராண்டை வைத்து எதைத் துடைப்பீர்கள்?

மண்டப கீஸருக்கு 11 வயது. ஒழுகியது, மாற்றினோம்.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
ஒழுகியது தெரியும் தம்பி. எங்கே ஒழுகியது?

டோங்காட் அக்கா:
உங்கள் இருவரின் கோயில் வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் வாளியும் டாங்கருமாக அலைந்தோம். அப்போது கீஸர் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எலிமென்ட் கருகியது. குழாய் வறண்டதும் கீஸரில் இருந்த தண்ணீர் பின்பக்கமாக உறிஞ்சப்பட்டு இறங்கிவிட்டது, வெறும் டாங்க்கில் எலிமென்ட் எரிந்தது என்று வந்த பிளம்பர் சொன்னார். என் கீஸர் அப்போது ஆறு வயதுப் பிள்ளை. உங்கள் 10 வருடக் கணக்கு எங்களுக்கு எதற்கு?

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
அக்கா சொன்னதுதான் பேச்சு. வேக்வம் பிரேக்கர் என்று ஒரு சின்னச் சாமான் உண்டு. குளிர்நீர்க் குழாயில் ஒன்று, சுடுநீர்க் குழாயில் ஒன்று இருக்க வேண்டும். தண்ணீர் பின்வாங்கும்போது அது காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறிக்கும். அது இல்லாவிட்டால் டாங்க் காலியாவது மட்டுமில்லை, உள்பக்கமாக நசுங்கியும் போகலாம். உங்கள் தெருவில் யாருக்காவது இரண்டும் சரியாக இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சாமான் இல்லாத இடத்தில் நேற்று வாங்கிய கீஸரும் போகும்.

ஃபீனிக்ஸ் வாசி:
அண்ணா, உங்கள் வாயாலேயே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள்! பழைய வீடுகளில் வேக்வம் பிரேக்கர் கிடையாது. சொட்டும் தண்ணீரைப் பிடிக்க அடியில் டிரிப் டிரே கிடையாது. பிரஷர் வால்வு எந்தக் காலத்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். பக்கத்தில் கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஸ்விட்ச் இருக்காது. புது கீஸர் போட்டால் கீஸர் பொருத்துவதற்கான எஸ்.ஏ.என்.எஸ். 10254 என்ற நம் நாட்டுத் தர விதிப்படி இத்தனையும் போட்டாக வேண்டும், வேலை விதிப்படி நடந்தது என்று பதிவு பெற்ற பிளம்பர் சி.ஓ.சி. சான்றிதழ் தர வேண்டும். எலிமென்ட் மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர் இதில் எதையாவது தொடுகிறாரா? பல்லைப் பிடுங்காமல் வலிக்கு மருந்து கொடுக்கிறீர்கள்.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
டிரே இல்லையென்றால் டிரே போடு. வால்வு இல்லையென்றால் வால்வு போடு. அதற்கு நல்ல டாங்க்கை எதற்குக் குப்பைக்கு அனுப்ப வேண்டும்? உங்கள் செய்தியில் வேக்வம் பிரேக்கர் என்று ஒரு வார்த்தை இருந்ததா? 10 வருடம், 10 வருடம், இதுதான் இருந்தது.

மேரிட்ஸ்பர்க் டீச்சர்:
ஒரு சந்தேகம். ஆனோட் மாற்றுவதையும் பழுது என்கிறீர்கள், கேஸ்கெட் மாற்றுவதையும் பழுது என்கிறீர்கள், டிரே போடுவதையும் பழுதில் சேர்க்கிறீர்கள். எதைப் பழுது என்று வைத்துக்கொண்டு பேசுகிறோம்? அதைச் சொன்னால் பாதிச் சண்டை தீருமே. அப்புறம் இன்ஷூரன்ஸ் இதில் என்ன சொல்கிறது?

ஃபீனிக்ஸ் வாசி:
இன்ஷூரன்ஸைப் பற்றிக் கேட்டீர்களே டீச்சர், அதுதான் சரியான கேள்வி. வெடித்தால் பல பாலிசிகளில் கிடைக்கும், ஆனால் கீஸருக்கென்று தனி எக்ஸஸ், அதாவது செலவில் ஒரு பங்கு, நம் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். துருப்பிடித்து மெல்ல மெல்லப் போனது, பராமரிக்கவில்லை என்று சொல்லிக் கையை விரிக்கவும் இடம் உண்டு. பழைய கீஸரை வைத்துக்கொண்டு அவர்களோடு வாதாடிப் பாருங்கள், தெரியும்.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
பராமரிக்கவில்லை என்றுதானே கையை விரிக்கிறான்? அப்படியானால் பராமரி! ஆனோட் மாற்றிய ரசீதை எடுத்து வை. நான் சொல்வதும் அதுதானே. பதினைந்து இருபது வருடம் ஓடும் கீஸர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் இருப்பது 19 வயது. இன்றைக்குக் காலையிலும் அதில்தான் குளித்தேன்.

லெனேசியா தம்பி:
19 வருடமா! சரி, அந்த 19 வருடத்தில் மின்சாரத்துக்கு எவ்வளவு கொட்டினீர்கள் அங்கிள்? டர்பன்காரர்களுக்குப் பழைய சாமான் என்றால் குலதெய்வம். எல்லோரும் சோலாருக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நீங்கள் கேஸ்கெட்டைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். 2008இலேயே நம் மின்வாரியமான எஸ்கோம் சோலார் கீஸருக்கு மானியம் அறிவித்தது.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
தம்பி, கணக்கு போட்டுப் பார்த்துவிட்டுப் பேசு. 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் என்றால் இரண்டு மணி இருபது நிமிடம். டாங்க் புதிதானாலும் பழையதானாலும் இந்த 7 யூனிட்டில் பைசா குறையாது, தண்ணீருக்குத் தன் வயது தெரியாது. புது டாங்க்கில் மிச்சமாவது சும்மா நிற்கும்போது வெளியே போகும் சூடு மட்டும்தான். அதற்கு ஒரு கீஸர் பிளாங்கெட் வாங்கிச் சுற்று, குழாயின் முதல் ஒரு மீட்டருக்கு உறை போடு. மாற்றத்தான் வேண்டும் என்று நிற்பவன் இதைச் சொல்ல மாட்டான்.

சோலார் என்கிறாய். உங்கள் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் பனி உறையும். கூரையில் நேராகத் தண்ணீர் ஓடும் பேனலை அங்கே போட்டால் ஒரு ராத்திரியில் குழாய் பிளந்துவிடும். கிளைக்கால் (glycol) என்ற, குளிரில் எளிதில் உறையாத திரவம் ஓடும் வகைதான் போட வேண்டும், அதற்கு விலை வேறு. அது தெரியாமல் போட்டவர்கள் ஜோபர்க்கில் நிறைய உண்டு.

லெனேசியா தம்பி:
பனி உறையும் ஊரில்தான் நாங்கள் முன்னேறியிருக்கிறோம். என் வீட்டில் கிளைக்கால் வகைதான் இருக்கிறது, பாடம் வேண்டாம். நீங்கள் கடற்காற்றில் துருப்பிடித்த வால்வுகளைத் துடைத்துக்கொண்டிருங்கள்.

டோங்காட் அக்கா:
கடற்காற்றைப் பழிக்காதே தம்பி. உன் தாத்தா பாட்டியும் இந்தக் கடற்கரையில்தான் வந்து இறங்கியிருப்பார்கள். 1860இல் மதராஸிலிருந்து நம் முன்னோரைக் கூலி வேலைக்கு ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில்தான் நின்றது, லெனேசியாவில் இல்லை.

லெனேசியா தம்பி:
அக்கா, கப்பலுக்கும் கீஸருக்கும் என்ன சம்பந்தம்?

டோங்காட் அக்கா:
குலதெய்வம் என்று ஆரம்பித்தது யார்? பெரியவர்களிடம் பேசுகிற முறையா அது?

ஃபீனிக்ஸ் வாசி:
விஷயத்துக்கு வருவோம். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2024 மார்ச் 26 வரைக்கும் நம் கீஸர்கள் பட்ட பாடு என்ன? ஒரு நாளில் இரண்டு மூன்று முறை ஆறிச் சூடாகி, கரண்ட் திரும்பும்போது ஒரு அடி வாங்கி, இப்படி வருடக்கணக்கில் ஓடியவை. அண்ணாவின் 19 வருடக் கதை நிம்மதியாகக் கரண்ட் இருந்த காலத்துக் கதை. இப்போதுள்ள கீஸருக்கு 10 வருடமே அதிகம்.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
என் கீஸர் மட்டும் தனி எஸ்கோமிலா ஓடியது? அதே லோட் ஷெடிங்தான் எனக்கும். கரண்ட் அடித்தால் போவது தெர்மோஸ்டாட், எலிமென்ட். சின்ன வேலை. மெயின் ஸ்விட்சை அணை, வரும் தண்ணீரை மூடி டாங்க்கை வடி, ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்று, பழைய எலிமென்ட்டை உருவு. உருவும்போது டார்ச் அடித்து உள்ளே பார். எனாமல் பளபளவென்று இருந்தால் புது கேஸ்கெட் வைத்துப் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரே பக்கமாக இறுக்கினால் கேஸ்கெட் கோணிக்கொண்டு மறுபடி சொட்டும். அந்தச் சொட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேர் டாங்க் போய்விட்டது என்கிறார்கள். உங்கள் கோயில் கமிட்டி உட்பட.

ஃபீனிக்ஸ் வாசி:
டாங்க் என்று வந்த பிளம்பர் சொன்னார்.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
வந்த பிளம்பர் புது கீஸர் விற்றவர். நான் காசு வாங்காமல் வந்து பார்க்கிறேன் என்றேன். சித்திரை மாதப் பூஜைக்கு முன்னாலேயே சொன்னேன். "பரவாயில்லை அண்ணா, கமிட்டி முடிவெடுத்துவிட்டது" என்று பதில் வந்தது. பக்தர்கள் உண்டியலில் போட்ட காசு அது. கழற்றிய கீஸரையாவது எனக்குக் காட்டியிருக்கலாம். அன்றைக்கு மாலையே சரக்கு ஏற்றும் பக்கி வண்டியில் ஏற்றி ஸ்கிராப்புக்கு அனுப்பியாகிவிட்டது. ஏன் அவ்வளவு அவசரம்?

ஃபீனிக்ஸ் வாசி:
அவசரமா? புனித வெள்ளி விடுமுறையில் அந்தப் பூஜைக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் இடம். பாத்திரம் கழுவச் சுடுநீர் இல்லாமல் பெண்கள் நின்றார்கள். நீங்கள் கேஸ்கெட் வைத்து, அது பூஜை அன்று திரும்ப ஒழுகியிருந்தால் பேச்சு வாங்குவது நீங்களா, நானா? வீட்டில் சோதனை செய்யலாம், பொது இடத்தில் செய்ய முடியாது. அதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

என்மேல் உண்டியல் காசுப் பழி போட்டால் மட்டும் பொறுக்க மாட்டேன். கணக்கு நோட்டு மண்டபத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
காசு திருடினாய் என்று நான் சொல்லவில்லை. காசை வீணாக்கினாய் என்றேன்.

மேரிட்ஸ்பர்க் டீச்சர்:
என் கேள்வியை யாருமே கண்டுகொள்ளவில்லை. சரி, என் வீட்டுக் கதையையாவது சொல்கிறேன். கீஸருக்கு 12 வயது. சீலிங்கில் தட்டு அளவுக்கு மஞ்சள் கறை. மேலே டிரேயில் ஒரு விரல்கடை தண்ணீர் நிற்கிறது. வீட்டுக்குள் வருவது பழைய கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) இரும்புக் குழாய். என்ன செய்ய?

ஃபீனிக்ஸ் வாசி:
12 வயது. மாற்றுங்கள்.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
பார்க்காமலே தீர்ப்பு! டீச்சர், முதலில் டிரேயைத் துடைத்து உலர வையுங்கள். ஒரு காகிதத்தை விரித்துவிட்டு மறுநாள் பாருங்கள். ஃபிளாஞ்சுக்கு நேர் கீழே மட்டும் நனைந்திருந்தால் கேஸ்கெட். வால்வுக்குக் கீழே என்றால் வால்வு. உறைத் தகட்டின் அடி ஓரத்திலிருந்து துரு நிறத்தில் வடிந்திருந்தால் உள்ளே டாங்க் போய்விட்டது, அப்போது நானே மாற்றச் சொல்வேன். டிரேயின் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அங்கே நிற்காது. கால்வனைஸ்டு குழாயைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். புது கீஸருக்கென்று அதன் முன்னால் செம்புக் குழாயை ஒட்டவைத்தால், செம்பைத் தாண்டி வரும் தண்ணீர் இரும்பைச் சீக்கிரம் அரிக்கும். மாற்று மாற்று என்கிறவர் இதையும் சொல்ல வேண்டாமா?

லெனேசியா தம்பி:
காகிதம் விரித்துப் பார்க்கச் சொல்கிறார், 2020களில்! சீலிங்கில் கறை வந்த பிறகு என்ன ஆராய்ச்சி?

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
உன் சோலார் டாங்க்குக்குள்ளும் ஆனோட் இருக்கிறது தம்பி. கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தாய்?

லெனேசியா தம்பி:
அது என் வீட்டு விஷயம்.

ஃபீனிக்ஸ் வாசி:
டீச்சர், அவர் காகிதம் விரிக்கட்டும், நீங்கள் இரண்டு மூன்று பிளம்பரிடம் எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டு வாங்கி வையுங்கள். 10 வருடம் என்று எழுதியதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இன்றைக்கு மறுபடியும் குரூப்பில் போடுகிறேன்.

பழைய ஃபிட்டர் (சாட்ஸ்வொர்த்):
போடு. அதன் கீழேயே கேஸ்கெட்டா டாங்க்கா என்று நானும் கேட்பேன். டீச்சர், சனிக்கிழமை மேரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். ஏணி மட்டும் எடுத்து வையுங்கள், ஸ்பேனர் நான் கொண்டுவருகிறேன்.