மறு: மறு: ரெஃபூல்மென்ட் – தமிழில் என்ன?

செல்வி:
குழுவினருக்கு வணக்கம். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு வட கொரியா பற்றிய பாடக்குறிப்பைத் திங்கட்கிழமைக்குள் தமிழில் தரவேண்டும். மைக்கேல் கிர்பி தலைமையில் ஐ.நா. அமைத்த விசாரணை ஆணையம் 2014இல் தந்த அறிக்கைதான் அடிப்படை. அரசியல் கைதி முகாம்கள் வரை சமாளித்துவிட்டேன், 'ரெஃபூல்மென்ட்' என்ற சட்டச் சொல்லில் நிற்கிறேன். எல்லையிலுள்ள துமென் ஆற்றைக் கடந்து சீனாவுக்குள் வந்த வட கொரியர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள், அங்கே போனால் சிறை, சித்திரவதை, கர்ப்பிணி என்றால் கட்டாயக் கருக்கலைப்பு. இதற்கு 'நாடுகடத்தல்' போதுமா?

இளங்கோ:
போதாதம்மா. நுழைவிசைவு முடிந்தவனையும் நாடுகடத்துவார்கள். 1951 ஏதிலியர் உடன்படிக்கையின் 33ஆம் உறுப்பு தடுப்பது, உயிருக்கோ விடுதலைக்கோ கேடுள்ள இடத்துக்கு அனுப்புவதை. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்தது அடைக்கலக் காதை அல்லவா? எனவே 'அடைக்கல மறுப்பு'. அடை என்ற வேரிலிருந்து அடைகாத்தல், அடைப்பு, அடைமழை…

ரஃபி:
ஐயா, அடைமழை ஓய்வதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். அடைக்கலம் தராமல் இருப்பது வேறு, ஆளைப் பிடித்துக்கொண்டுபோய் விடுவது வேறு. அகதி என்று சீனா ஏற்காவிட்டாலும் இந்த விதி பொருந்தும். பிழைப்புத் தேடி வந்தவர்கள் என்று பெய்ஜிங் சொல்வதே அதைத் தட்டிக்கழிக்கத்தான். தென் கொரியர்கள் 'கங்ஜே புக்சோங்' என்கிறார்கள், கட்டாயமாக வடக்கே அனுப்புவது, அவ்வளவுதான். நாமும் 'ஆபத்துக்குத் திருப்பியனுப்பல்' என்போமே.

இளங்கோ:
ஆபத்து வடசொல். 'இடர்மீள்விடுப்பு' எனலாம்.

ரஃபி:
பேரிடர் மீட்புப் படை என்று நினைத்துக்கொள்வார்கள்!

யாழினி:
நான் ரொறன்ரோவில் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்க்கிறேன். எங்கட ஈழத்துச் சனத்துக்கு 'திருப்பி அனுப்புறது' என்றாலே வயிறு கலங்கும், விளக்கம் தேவையில்லை. இலங்கையில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் 'வலிந்து திருப்பியனுப்பல்' என்று எழுதுங்கோ.

இளங்கோ:
வலிந்து என்பதில் வன்முறை இருக்கிறது, போகும் இடத்தின் கேடு இல்லை. சட்டமே அந்தக் கேட்டில்தான் நிற்கிறது. என் மறுப்பு பதிவாகட்டும்.

செல்வி:
சரி ஐயா, பதிவாகிவிட்டது. யாழினி சொன்னதையே போட்டு, கீழே ஒரு வரி விளக்கமும் தருகிறேன். அப்புறம், 'சொங்புன்' இருக்கிறது, பாட்டன் காலத்து அரசியல் பின்னணியை வைத்துக் குடும்பங்களைத் தரம்பிரிக்கும் முறை. அதை அப்படியே விட்டுவிடலாம்தானே?

இளங்கோ:
விடவே கூடாது. 'குடித்தரம்'. குடி என்ற சொல் புறநானூற்றில்…