கார்பன் ஃபைபர் சைலன்சர்: இந்த முறை கொப்புளம் வரவில்லை

லோட்டஸ் செவன் பாணி கிட் காருக்கு (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்) நானே கார்பன் ஃபைபர் சைலன்சர் செய்கிறேன் என்று இங்கே எழுதியிருந்தேன், அதன் முதல் கார்பன் வெளியுறை இருபது நிமிட ஓட்டத்தில் முன்பக்கம் மஞ்சளித்துக் கொப்புளம் போட்டதையும் சொல்லியிருந்தேன். "கார்பன் எரிந்துவிட்டதா?" என்று கேட்டீர்கள். இல்லை, நாருக்கு ஒன்றும் ஆகவில்லை, இளகியது நாரைப் பிணைக்கும் பிசின்தான். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எப்பாக்சி 60, 70 டிகிரி தாண்டினாலே தளர ஆரம்பிக்கும், அதைப் போய் புகைபோக்கியில் பூசினேன் பாருங்கள்.

இரண்டாவது உறைக்கு அதிவெப்ப எப்பாக்சி. இறுகிய பிறகு சூடேற்றிப் பதப்படுத்துவதுதான் பாதி வேலை: பழைய அலமாரிக்குள் வெப்பம் வெளியேறாமல் இருக்க ராக் வூல் (பாறைக் கம்பளி) ஒட்டி, ஹீட் கன் வைத்து, 60 டிகிரியில் தொடங்கி மணிக்கு 10 டிகிரியாக 150 வரை ஏற்றினேன். அவசரப்பட்டால் உறை வளைந்துவிடும். ஒரு ஞாயிறு போச்சு.

உள்ளே துளையிட்ட ஸ்டெயின்லெஸ் குழாய், அதைச் சுற்றி பசால்ட் (எரிமலைப் பாறை) கம்பளி, இந்த முறை இறுக்கமாக. முன்மூடியை 80 மிமீ நீட்டியதால் சூடான வாய்ப்பகுதி முழுக்க உலோகத்திலேயே முடிகிறது. ரிவெட்டும் ஸ்டெயின்லெஸ்தான், அலுமினியம் போட்டால் கார்பனோடு ஈரம் சேர்ந்து அரித்துவிடும்.

ஒரு மணி நேரம் ஓட்டியாயிற்று, கொப்புளம் இல்லை. சத்தம்தான் பாக்கி, பிரிட்டனில் இப்படிக் கட்டிய கார்களைத் தனித்தனியாகச் சோதித்து அனுமதிக்கும் ஐவிஏ சோதனையில் 99 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். சனிக்கிழமை மீட்டர் இரவல் வருகிறது.