பிளவுஸ் டிசைன் பார்க்கப் போனால் ரீல்ஸிலேயே பொழுது போகிறது, ஆப்பை நீக்காமல் வழி உண்டா?

ஊசிநூல்:
வணக்கம். பொள்ளாச்சி பக்கம் வீட்டிலேயே டைலரிங் செய்கிறேன், பிளவுஸும் ஆரி வொர்க்கும். கஸ்டமர்கள் பாதிப் பேர் இன்ஸ்டா மெசேஜில்தான் வருகிறார்கள், புது கட்டிங் எல்லாம் யூடியூபில் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன், அதனால் "ஆப்பைத் தூக்கிப் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போட் நெக் வைத்து முதுகில் கயிறு வேண்டும் என்று ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்க்கப் போனை எடுப்பேன். கண்ணில் ஒரு ரீல்ஸ் படும். அப்புறம் மாமியார் மருமகள் காமெடி, அப்புறம் யாரோ மீன் குழம்பு வைக்கிறார், கடைசியில் எந்தப் படத்துக்காக எடுத்தேனோ அதைப் பார்க்காமலேயே போனை வைத்திருப்பேன். வெட்டிய துணி மேஜையில் அப்படியே கிடக்கும்.

போன் செட்டிங்ஸில் ஆப்புக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் டைமர் வைத்துப் பார்த்தேன். நேரம் முடிந்து ஐகான் சாம்பல் நிறமாகும்போதுதான் யாராவது "அக்கா, ரெடியா?" என்று கேட்பார், டைமரை எடுத்துவிடுவேன், எடுத்தது எடுத்ததுதான். "நாட் இன்ட்ரெஸ்டட்" அமுக்கியும் பார்த்தாயிற்று, அதே மாதிரி வேறொன்று வந்து நிற்கிறது. ஆண்ட்ராய்டு போன். வேறு என்ன செய்யலாம்?

பழையமோடம்:
அந்தப் பொத்தானை நம்பாதீர்கள் அக்கா. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குப் பின்னால் இருக்கும் மொசில்லா அறக்கட்டளை 2022-ல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து யூடியூபில் இதைச் சோதித்தார்கள். "நாட் இன்ட்ரெஸ்டட்" வேண்டாத பரிந்துரைகளில் 11 சதவீதத்தைத்தான் தடுத்தது, டிஸ்லைக் 12. "டோன்ட் ரெகமண்ட் சேனல்" 43 வரை போனது, இருப்பதில் அதுதான் உருப்படி.

ஒவ்வொன்றாகத் தள்ளுவதை விட, அது எதை வைத்துப் பரிந்துரை செய்கிறதோ அதையே நிறுத்துங்கள். யூடியூப் செட்டிங்ஸில் "மேனேஜ் ஆல் ஹிஸ்டரி" போய் ஹிஸ்டரியை, அதாவது நீங்கள் பார்த்த வீடியோக்களின் பதிவை, டர்ன் ஆஃப் செய்யுங்கள், அதே இடத்தில் பழையதையும் மொத்தமாக அழித்துவிடுங்கள். இரண்டும் செய்ய வேண்டும், நிறுத்திவிட்டு பழையதை விட்டு வைத்தால் அதை வைத்தே ஓட்டும். 2023 ஆகஸ்டிலிருந்து, ஹிஸ்டரி ஆஃப் ஆகி பழையதும் பெரிதாக இல்லை என்றால் முகப்பில் பரிந்துரையே காட்டுவதில்லை, "ஹிஸ்டரி ஆஃப்" என்று ஒரு வரியும் தேடல் பெட்டியும்தான் இருக்கும். கட்டிங் சேனல்களை சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம், அது அப்படியே வேலை செய்யும்.

ஒரு நஷ்டம் உண்டு. பாதியில் விட்ட வீடியோ விட்ட இடத்திலிருந்து தொடங்காது. அளவு குறித்துக்கொண்டே நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவருக்கு இது எரிச்சல்தான், வேண்டியதைப் பிளேலிஸ்ட்டில் போட்டு, நிறுத்திய நிமிடத்தை நோட்டில் எழுதி வையுங்கள்.

நேர்வழி:
இதெல்லாம் எதற்கு? மனக்கட்டுப்பாடு இருந்தால் போனைக் கீழே வைக்கத் தெரியாதா? எங்கள் காலத்தில் டிவி இல்லையா?

பழையமோடம்:
ஐயா, தொடர் முடிந்தால் எழுத்து ஓடும், எழுந்து போவோம். இதில் முடிவே கிடையாது. கீழே போகப் போகத் தானாக நிரம்பும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் தானே அதற்கு வருத்தம் தெரிவித்தவர். யூடியூபில் மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரை வழியாக வருகிறது என்று அந்த நிறுவனத்தின் நீல் மோகன் 2018-லேயே சொன்னார். அந்தப் பக்கம் முழுநேர வேலையாக ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது, இந்தப் பக்கம் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு அக்கா. இதில் மனக்கட்டுப்பாட்டை எங்கே போய்த் தேடுவது?

நம் ஊருக்கு இது வந்த வேகத்தையும் பாருங்கள். 2020 ஜூன் 29-ல் டிக்டாக்குக்குத் தடை, ஜூலையிலேயே ரீல்ஸ் இங்கே வந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூபின் குறுவீடியோவான ஷார்ட்ஸின் சோதனை வடிவம் முதலில் இறங்கியதே இந்தியாவில்தான். ஐரோப்பிய ஒன்றியத்திலாவது, நம் விருப்பத்தைக் கணித்துப் பரிந்துரை செய்யாத ஒரு வகையையும் பெரிய தளங்கள் தர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். இங்கே அப்படிக் கட்டாயம் கிடையாது, நாமேதான் நோண்டிக்கொள்ள வேண்டும்.

ஊசிநூல்:
தம்பி சொன்னபடி ஹிஸ்டரியை நிறுத்தி எல்லாம் அழித்தேன். முகப்பு இன்னும் நிறைந்துதான் இருக்கிறது. சமையல், சண்டை, அரசியல் எல்லாம் அப்படியே.

குரூப்4_படிப்பாளி:
அக்கா, போனில் எத்தனை ஜிமெயில் இருக்கிறது என்று பாருங்கள். செட்டிங் ஒரு கணக்கோடு போகும், போனோடு போகாது. ஆப்பில் ப்ரொஃபைல் படத்தை அமுக்கினால் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று தெரியும், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நிறுத்த வேண்டும்.

நானும் டிஎன்பிஎஸ்சி வகுப்புகளுக்காக யூடியூபை விட முடியாதவன்தான். நடப்பு நிகழ்வு சேனல்களை, புதிதாக வருவதை ஒரே இடத்தில் தொகுத்துத் தரும் ஃபீட்லி ஆப்பில் சேர்த்துவிட்டேன், சேனல் முகவரியை ஒட்டினால் போதும், புது வீடியோவின் தலைப்பு மட்டும் பட்டியலாக வரும். பிளேயரின் மேலே ஆட்டோபிளே பொத்தான் இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். வீடியோவுக்குக் கீழே மட்டும் பரிந்துரை வரத்தான் செய்யும், ஆனால் பிளவுஸ் வீடியோவுக்குக் கீழே பெரும்பாலும் பிளவுஸே வருவதால் சேதம் குறைவு.

ஊசிநூல்:
ஆமாம், ஆப் பையனின் பள்ளிக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது முகப்பு காலி. முதலில் நெட் போய்விட்டது என்றே நினைத்தேன். சரி, இன்ஸ்டாவுக்கு என்ன வழி? அங்கேதான் பெரிய பிரச்சனை.

நைட்டிகடை_திருப்பூர்:
நான் சொல்கிறேன் சகோதரி, எனக்கும் இதே வியாபாரத் தொல்லைதான். இன்ஸ்டாவை பிசினஸ் கணக்காக மாற்றி, ஒரு ஃபேஸ்புக் பேஜோடு இணைத்துவிட்டு, மெட்டா பிசினஸ் சூட் ஆப்பை இறக்குங்கள். கஸ்டமர் மெசேஜ், கமெண்ட், போஸ்ட் போடுவது எல்லாம் அதிலேயே நடக்கும், ஸ்க்ரோல் செய்ய ரீல்ஸ் கிடையாது. கடைக்குப் பின்வாசல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், சரக்கை எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம், கடைவீதியில் நடக்க வேண்டியதில்லை. இன்ஸ்டா ஆப் இருக்கட்டும், ஆனால் அதன் நோட்டிஃபிகேஷனை முழுதாக நிறுத்திவிட்டு சூட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றது எதுவும் நிற்காது, என் அனுபவம்.

டிசைன் பார்க்க இன்ஸ்டாவுக்குள் போயே ஆக வேண்டும் என்றால், மேலே இன்ஸ்டாகிராம் என்ற பெயரைத் தொட்டு "ஃபாலோயிங்" எடுங்கள், நீங்கள் பின்தொடர்பவர்கள் போட்டது மட்டும் நேர வரிசையில் வரும். கன்டென்ட் ப்ரிஃபரன்சஸில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாளுக்கு ஸ்னூஸ் செய்யலாம், முடிந்ததும் மறுபடி வைக்க வேண்டும். நிரந்தரமாக நிறுத்தும் வசதி வைத்தால் யார் வேண்டாம் என்பது, வைக்க மாட்டார்கள்.

தெரிந்த கஸ்டமர்களை வாட்ஸ்அப் பிசினஸுக்கு இழுத்துவிடுங்கள், அளவு ஜாக்கெட் எப்போது கொண்டு வருகிறார்கள் என்பதைக் கேட்க இன்ஸ்டா தேவையே இல்லை.

நேர்வழி:
சரி, அந்தக் கணக்கு விஷயம் எனக்குத் தெரியாது. வீட்டில் பேரன் போனிலும் பார்க்கிறேன்.

ஊசிநூல்:
சூட் போட்டாயிற்று, மெசேஜ் வருகிறது. ஒரே சந்தேகம்: முடித்த பிளவுஸை ஸ்டோரியாகப் போட மறுபடி இன்ஸ்டாவுக்குள் போக வேண்டுமா?

நைட்டிகடை_திருப்பூர்:
வேண்டாம், சூட்டிலேயே ஸ்டோரி போடலாம், நேரம் குறித்தும் வைக்கலாம். நான் காலையில் படங்களை எடுத்து சாயங்காலத்துக்கு வைத்துவிடுவேன், பெண்கள் வேலை முடிந்து போன் பார்க்கும் நேரம் அதுதான்.